இருபத்து நான்கு கேள்விகளும் ஒரு கடவுச்சீட்டும்: பிரித்தானியக் குடியுரிமைப் பரீட்சை பற்றிய மதிப்பீடு

பிரித்தானியாவில் நிரந்தர வதிவிட அனுமதிக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும் 18 வயதுக்கும் 65 வயதுக்கும் இடைப்பட்டவர்கள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, ‘லைஃப் இன் த யூகே’ என்று எல்லோரும் அழைக்கும் பரீட்சையில் சித்தியடைந்தாக வேண்டும். 2005 ஆம் ஆண்டு நவம்பரில் குடியுரிமை கோருவோருக்காகத் தொடங்கப்பட்ட இப்பரீட்சை, 2007 இல் நிரந்தர வதிவிடம் கோருவோருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. கணினித் திரையில் 24 கேள்விகள், 45 நிமிடங்கள், 18 விடைகள் சரியாக இருந்தால் சித்தி, கட்டணம் 50 பவுண். அரசாங்கம் நடத்துவதாயினும் நாம் பணம் கட்டிப் பெறும் சேவைதான் இது. ஆகவே பணத்துக்கு ஏற்ற பயன் கிடைக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

வடமேற்கு லண்டனில் உள்ள ஒரு நூலகத்தில், இப்பரீட்சைக்குப் படிக்கும் இளையோருக்கு வார இறுதிகளில் உதவி செய்து வருகிறேன். ஈழத்தமிழ்ப் பிள்ளைகள், சோமாலியர், எரித்திரியர், போலந்துக்காரர், நைஜீரியர் என்று பலரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். அவர்களோடு இருந்து பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரீட்சை என்ற அளவில் இது ஒழுங்காக நடத்தப்படும் சேவை. குடியுரிமையைப் பற்றிய சேவை என்ற அளவில், இதனை எழுத வரும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்ததைவிடக் குறைவாகவே இதற்குத் தெரிந்திருக்கிறது.

புத்தகத்திலிருந்து தொடங்கலாம். கேள்விகள் அனைத்தும் அரசாங்கத்தின் அதிகாரபூர்வக் கைநூலிலிருந்தே வருகின்றன. இப்போது புழக்கத்தில் இருப்பது 2013 இல் வெளியான மூன்றாம் பதிப்பு. நாட்டின் விழுமியங்கள், நாட்டின் அமைப்பு, வரலாறு, இன்றைய சமூகம், அரசாங்கமும் சட்டமும் என ஐந்து அத்தியாயங்கள். முந்திய பதிப்பில் வைத்தியரிடம் பதிவு செய்வது, பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பது போன்ற நடைமுறைச் செய்திகளுக்குக் கணிசமான இடம் இருந்தது. வரலாற்றுப் பகுதி இருந்தாலும் அதிலிருந்து கேள்வி வருவதில்லை. மூன்றாம் பதிப்பு இந்த ஒழுங்கை மாற்றி, வரலாற்றைப் பரீட்சைக்குள் கொண்டுவந்து, நடைமுறைச் செய்திகளைப் பெரிதும் குறைத்துவிட்டது. எட்டாம் ஹென்றி மன்னரின் ஆறு மனைவியரும், பெயரும் நேர்ந்த கதியும் சகிதம், வரிசையாக நிற்கிறார்கள். 1066 இல் ஹேஸ்டிங்ஸ், 1485 இல் பொஸ்வேர்த் என்று போர்கள் தொடர்கின்றன. ஆண்டுகளை நெட்டுருப் பண்ணும் திறன் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை என்பதால், தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பகுதியில் சோர்வதில்லை. ஆனால் சித்தியடைந்த மறுவாரம் கேட்டால் ஆறில் இரண்டு மனைவியர்கூட நினைவில் இருப்பதில்லை.

நல்ல பக்கங்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1810 இல் லண்டனின் ஜோர்ஜ் வீதியில் முதலாவது கறி உணவகத்தைத் திறந்து, தலையைப் பிடித்துவிடும் இந்திய முறையான ‘ஷாம்பு’ வழக்கத்தையும் இங்கே அறிமுகப்படுத்திய சேக் டீன் மஹோமத் பற்றி ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. மேசையிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறையாவது நின்று, சிரித்து, வாய்விட்டு வாசிக்கும் பக்கம் அதுவே. தீபாவளியைப் பற்றிய குறிப்பும் இருக்கிறது. அது ஐந்து நாள் விழா என்றும் லெஸ்டர் நகரத்துக் கொண்டாட்டம் பெயர்பெற்றது என்றும் புத்தகம் சொல்லும். எங்கள் வீடுகளில் அது விடியற்காலை எண்ணெய் முழுக்கோடு தொடங்கி அன்றைக்கே முடிந்துவிடும் ஒரு நாள் விழா. யாழ்ப்பாணத்துப் பின்னணியுள்ள ஒரு மாணவி தன் வீட்டு வழக்கத்தை நம்பி ஒரு நாள் என்று பயிற்சித்தாளில் விடை அளித்துப் புள்ளியை இழந்தாள். சிறிய விடயந்தான். ஆயினும் தன்னைப் பற்றிய கேள்விக்கே தான் தவறான விடை சொன்னதாகத் திரை அறிவிப்பது ஒரு வினோதமான அனுபவம்.

பேரரசைப் பற்றிய பகுதியில் புத்தகம் வெகுவாகத் தடுமாறுகிறது. காலனித்துவத்தின் முடிவு பெரும்பாலும் ஒழுங்கான கைமாற்றமாகவே சித்திரிக்கப்படுகிறது. அடிமை வணிகமும் பேரரசும் இப்புத்தகத்தில் கையாளப்படும் விதம் தவறானது என்று 2020 ஜூலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வரலாற்றாசிரியர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 2022 இல் பாராளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் நீதி மற்றும் உள்துறை விவகாரக் குழுவும் இப்பரீட்சையைக் கடுமையாகச் சாடியது. இவை எதையும் அறியாத நைஜீரிய மாணவி ஒருத்தி அந்தப் பக்கத்தை வாசித்து முடித்துவிட்டு, “இதை இப்படியே சொன்னால்தான் புள்ளியா?” என்று கேட்டாள். ஆம் என்றேன். பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு கீறிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். பரீட்சைக்கு எது, தனக்கு எது என்று பிரித்து வைத்துக்கொள்ள இந்தப் பிள்ளைகள் மிக விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

பதிவு செய்யும் முறை இலகுவானது. இணையத்தில் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்னதாகப் பதிய வேண்டும். தவறினால் ஏழு நாட்கள் கழித்து மீண்டும் எழுதலாம். எத்தனை முறையும் எழுதலாம், ஒவ்வொரு முறையும் 50 பவுண். ஒருமுறை சித்தியடைந்தால் அந்தச் சித்தி காலாவதியாவதில்லை. வதிவிட அனுமதிக்குக் காட்டியதையே குடியுரிமைக்கும் காட்டலாம். தேடுபொறியில் முதலில் வரும் இணையத்தளம் அரசாங்கத்தினது என்று நம்பிவிடக் கூடாது. அரச முத்திரையை ஒத்த ஒரு சின்னத்தைப் போட்டுக்கொண்டு, ‘பதிவு உதவி’ என்ற பெயரில் மேலதிகப் பணம் வாங்கும் தனியார் தளங்கள் உள்ளன. எங்கள் மேசையிலேயே ஒருவர் அப்படி ஏமாந்திருக்கிறார்.

உண்மையான சிக்கல் பெயரில் இருக்கிறது. அடையாளப் பத்திரத்தில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். இல்லையெனில் நிலையத்தில் அனுமதி மறுக்கப்படும், கட்டணமும் திரும்பாது. இந்தப் படிவம் ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்ற இரண்டு பெட்டிகளையே அறியும். எங்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயரை முன்னால் எழுதுவதா பின்னால் எழுதுவதா என்பது இலங்கைக் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும், இங்குள்ள வதிவிடப் பத்திரத்தில் இன்னொரு விதமாகவும், பாடசாலைப் பதிவேட்டில் மூன்றாவது விதமாகவும் கிடக்கும். சோமாலியப் பிள்ளைக்குத் தன் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் என மூன்று. எரித்திரியப் பிள்ளைக்குத் தகப்பனின் பெயரே இரண்டாவது. ஒருநாள் இந்த மூன்று தரப்புப் பிள்ளைகளும் தத்தம் பத்திரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, யாருடைய தகப்பன் எந்தப் பெட்டிக்குள் போனார் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு சோமாலிய இளைஞனின் பத்திரத்தில் பாட்டனார் குடும்பப்பெயராகவும் தகப்பனார் நடுப்பெயராகவும் இருந்தார். அவனுடைய தங்கையின் பத்திரத்திலோ தகப்பனாரே குடும்பப்பெயர். சட்டத்தின் கண்ணில் அண்ணனும் தங்கையும் இரு வேறு குடும்பத்தார். வேறு வேறு நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் தங்களுக்குள் ஒற்றுமையைக் கண்டுகொண்டது புத்தகத்தின் விழுமியங்கள் அத்தியாயத்தில் இல்லை, இந்தப் பெட்டிகளில்தான்.

பரீட்சை நிலையத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பையும் கைபேசியும் கைக்கடிகாரமும் உள்ளே எடுத்துச் செல்ல முடியாது, அடையாளம் சரிபார்க்கப்படும், பெரும்பாலான பிள்ளைகள் கால்மணி நேரத்தில் எழுதி முடித்துவிடுவார்கள். ஊழியர்கள் பொதுவாக மரியாதையாகவே நடந்துகொள்கிறார்கள்.

ஆனால் அந்தக் கால்மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் இப்பிள்ளைகள் குடியுரிமையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், இவர்கள் எல்லோரும் ஒரே பொருளைத்தான் கேட்டு வந்திருக்கிறார்களா என்ற சந்தேகம் வந்துவிடும். போலந்து மாணவி சிறுமியாக வந்தவள். 2016 இல் நடந்த வாக்கெடுப்பில் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகத் தீர்மானிக்கும்வரை, அவளது வீட்டில் குடியுரிமை என்ற பேச்சே எழுந்ததில்லை, தேவை இருக்கவில்லை. அதன் பிறகு 2021 ஜூன் 30 என்ற இறுதி நாளுக்குள் ஒன்றிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் தங்கள் வதிவிடத்தைப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே அவளுக்குக் குடியுரிமை என்பது விதிகள் இன்னொரு முறை மாறினால் கைகொடுக்கும் காப்புறுதி. போலந்துக் கடவுச்சீட்டையும் அவள் விடப்போவதில்லை. எரித்திரிய இளைஞனின் கணக்கு வேறு. அவனது நாட்டில் தேசிய சேவைக்குச் சேர்க்கப்படுவோருக்கு எப்போது விடுதலை என்பது தெரியாது. வெளிநாட்டில் வாழும் எரித்திரியர்களிடமும் அவர்களது வருமானத்தில் 2 சதவீதத்தை அந்த அரசாங்கம் வரியாகக் கேட்கிறது. குடியுரிமை என்றதும் அவனுக்கு முதலில் தோன்றுவது கடமை, அதுவும் முடிவில்லாத கடமை. தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடும் ஓர் அரசுதான் அவன் தேடுவது. புத்தகத்தின் ஐந்தாவது அத்தியாயத்தில் குடிமக்களின் பொறுப்புகள் என்ற பகுதி வந்தபோது, எல்லோரும் வேகமாகப் புரட்டிய அந்தப் பக்கத்தை அவன் மட்டும் விரல் வைத்து வரி வரியாக வாசித்தான். கட்டாய இராணுவ சேவை பற்றிய வரி ஏதும் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே புத்தகத்தை மூடினான்.

வாக்குரிமையைப் பற்றிய பக்கம் வந்தால் மேசை சூடாகிவிடும். இந்தப் புத்தகத்திலேயே அதிகப் பயனுள்ள பக்கம் அதுதான் என்பது என் துணிபு. பிரித்தானியாவில் சட்டபூர்வமாக வசிக்கும், பெரும்பாலும் பழைய பேரரசுக்கு உட்பட்டிருந்த பொதுநலவாய (காமன்வெல்த்) நாடுகளின் பிரசைகளும் அயர்லாந்துப் பிரசைகளும், பிரித்தானியக் குடியுரிமை இல்லாமலேயே, 18 வயதானதும் பொதுத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இலங்கை பொதுநலவாய நாடு, நைஜீரியாவும் அப்படியே. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டோடு இருக்கும் தமிழ்ப் பிள்ளை பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். பக்கத்து நாற்காலியில் இருக்கும் போலந்து மாணவி, இங்கேயே வளர்ந்திருந்தும், உள்ளூராட்சித் தேர்தலோடு நின்றுவிட வேண்டும். சோமாலியாவும் எரித்திரியாவும் பொதுநலவாயத்தில் இல்லை. அந்த இருவருக்கும் இங்கிலாந்தில் எந்தத் தேர்தலிலும் இடமில்லை. ஒரே பாடசாலையில் படித்து, ஒரே பேருந்தில் வந்து, ஒரே கடையில் பகுதிநேர வேலை செய்யும் பிள்ளைகளை, அவர்கள் பிறப்பதற்கு முன்னரே கலைந்துபோன ஒரு பேரரசு இன்றும் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறது. புத்தகம் இந்த விதியைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. பேரரசின் அத்தியாயத்தையும் வாக்குரிமைப் பக்கத்தையும் ஒரு வரியில் முடிச்சுப் போட்டிருந்தால், அந்த ஒரு வரிக்காகவே இப்புத்தகத்தைப் பாராட்டியிருப்பேன்.

இதில் எங்களவரிடம் எனக்கொரு மனக்குறையும் உண்டு. வாக்குரிமை இருப்பதே தெரியாமல், கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகுதான் வாக்கு என்று எண்ணிக்கொண்டு தேர்தல்களைக் கடந்துபோன தமிழ்க் குடும்பங்கள் அனேகம். 2024 ஜூலையில் ஸ்ட்ராட்ஃபர்ட் அன்ட் போ தொகுதியில் உமா குமரன் வெற்றிபெற்று, பிரித்தானியப் பாராளுமன்றத்தின் முதலாவது தமிழ் உறுப்பினரானபோது எல்லா வீடுகளிலும் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சிக்கு வாக்குச்சீட்டு வடிவம் கொடுக்கும் உரிமை தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்பிருந்தே இருந்தது என்பதை எத்தனை பேர் அறிந்திருந்தார்களோ தெரியவில்லை.

பரீட்சை எழுத வேண்டியதில்லாத ஒருவனும் எங்கள் மேசைக்கு வருவான். அக்காவுக்குத் துணையாக வருபவன். அக்கா வவுனியாவில் பிறந்து மூன்று வயதில் வந்தவள். தம்பி லண்டனில் பிறந்தவன். இந்த மண்ணில் பிறந்தால் இந்த நாட்டுப் பிரசை என்ற நிலை, 1981 ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம் 1983 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்ததோடு முடிந்துபோயிற்று. பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது பிரித்தானியப் பிரசையாகவோ நிரந்தர வதிவிடம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். இவனது பெற்றோர் அப்போது தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். எனவே இங்கே பிறந்தும் இவன் பிறப்பால் பிரித்தானியன் ஆகவில்லை. பெற்றோருக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்த பின்னரோ, பிறந்ததிலிருந்து பத்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்த பின்னரோ பதிவு செய்துகொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. ஆனால் அது தானாக வந்து சேர்வதில்லை, விண்ணப்பித்துப் பணம் கட்டிப் பெற வேண்டும். பிரான்சுக்குப் பாடசாலைச் சுற்றுலா என்று படிவம் வந்த அன்றுதான் அவனுக்கு இது தெரிந்தது. அதுவரை, வகுப்பில் யாராவது நீ எந்த ஊர் என்று கேட்டால் லண்டன் என்று யோசிக்காமல் சொல்லி வந்தவன், அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு முன் ஒரு கணம் தயங்கக் கற்றுக்கொண்டான். இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு இப்பரீட்சையும் இல்லை, புத்தகமும் இல்லை. உனக்கு இப்படியொரு உரிமை உண்டு என்று எடுத்துச் சொல்ல அரசாங்கம் ஒரு கடிதமும் அனுப்புவதில்லை. இந்த வேலையைத் தொண்டு நிறுவனங்களே செய்துவருகின்றன.

பிள்ளைகளைப் பதிவு செய்யும் கட்டணத்தின் கதையும் இங்கே பொருந்தும். ஒரு காலத்தில் அது 1,012 பவுணாக இருந்தபோது, அந்த விண்ணப்பத்தைக் கையாள அரசாங்கத்துக்கு ஆகும் செலவு 372 பவுண் மட்டுமே என்பது நீதிமன்றத்தில் வெளிவந்தது. பிள்ளைகளின் நலனைக் கருத்திற்கொள்ளாமல் அக்கட்டணம் நிர்ணயிக்கப்பட்டதால் அது சட்டவிரோதமானது என்று 2021 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 2022 ஜூன் முதல், கட்ட வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டண விலக்கு உண்டு. இதைப் பல பெற்றோர் இன்னும் அறியார். விலக்குக் கிடைக்காதோருக்கான கட்டணமோ பின்னர் 1,214 பவுணாக உயர்ந்தது.

அக்காவுக்கு வருவோம். அவள் சிறுமியாக இருந்தபோதே பதிவு செய்திருக்கலாம் என்றாலும், இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் கட்ட வீட்டில் பணம் இருக்கவில்லை. இங்கே பிறந்தவனுக்கு முதலில் என்று முடிவெடுத்தார்கள். இப்போது அவள் வளர்ந்தவள். 50 பவுண் பரீட்சைக்குப் பிறகு, 2025 ஏப்ரல் விலைப்படி, குடியுரிமைக் கட்டணம் 1,605 பவுணும் குடியுரிமை வழங்கும் விழாவுக்கான கட்டணம் 130 பவுணுமாக 1,735 பவுண் கட்ட வேண்டும். அதே மாதம் 18 முதல் 20 வயது வரையானோருக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10 பவுண். பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் கடையில் நிற்கும் ஒரு பிள்ளை, ஒரு தேநீரும் வாங்கிக் குடிக்காமல் 170 மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்தால்தான் அந்தத் தொகை சேரும். கட்டணம் என்ற அம்சத்தில் இந்தச் சேவைக்கு நான் கொடுக்கக்கூடிய புள்ளி பூச்சியம். வளர்ந்தவர்களுக்குக் கட்டண விலக்கும் இல்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அதிலும் குறைக்க வேண்டும்.

இவ்வளவு பணம் கட்டிப் பெறுவது நிலையானதா என்ற கேள்வியும் மேசையில் வரும், பெரும்பாலும் தாழ்ந்த குரலில் வரும். கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் வளர்ந்து, 2015 இல் 15 வயதில் ஐ.எஸ். இயக்கத்தில் சேரச் சிரியாவுக்குப் போன ஷமீமா பேகத்தின் பிரித்தானியக் குடியுரிமை 2019 இல் பறிக்கப்பட்டது. பெற்றோர் வழியாக அவருக்குப் பங்களாதேசக் குடியுரிமை உண்டு என்பது அரசாங்கத்தின் வாதம். அவர் செய்தது சரியென்று இங்கே யாரும் சொல்வதில்லை. ஆனால் அதையே செய்த, வேறு நாட்டுத் தொடர்பேதும் இல்லாத ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் குடியுரிமையைச் சட்டப்படி பறித்திருக்க முடியாது என்பதைச் சோமாலியப் பிள்ளைகளும் பங்களாதேசப் பிள்ளைகளும் துல்லியமாக அறிந்து வைத்திருக்கிறார்கள். சில சூழ்நிலைகளில் முன்னறிவித்தல் இல்லாமலே பறிக்கலாம் என்று 2022 ஆம் ஆண்டின் சட்டம் சொல்வதையும் அவர்கள் அறிவார்கள். கைநூலின் விழுமியங்கள் அத்தியாயத்தில் இதைப் பற்றி எதுவும் இல்லை.

மலையகப் பூர்வீகமுள்ள ஒரு மாணவிக்கு இது புதிய செய்தியாகவே இருக்கவில்லை. இலங்கையின் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களாகிய இலட்சக்கணக்கான தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கணக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை தீரவில்லை. அவளது பாட்டி அந்தக் கணக்கில் ஒருவர். அதே 1948 இல்தான் பிரித்தானியப் பாராளுமன்றம், காலனிகளின் மக்களையும் ‘ஐக்கிய இராச்சியத்தினதும் காலனிகளினதும் பிரசைகள்’ ஆக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த உரிமையை நம்பி வந்த கரீபியன் குடும்பங்கள் பல, எழுபது ஆண்டுகள் கழித்துத் தங்களிடம் பத்திரம் இல்லை என்பதற்காக வேலையையும் மருத்துவத்தையும் இழந்ததைத்தான் 2018 இல் ‘விண்ட்ரஷ்’ விவகாரம் என்று பத்திரிகைகள் எழுதின. பாட்டியின் கதையை அவள் மேசையில் சொன்னபோது, ஜமேக்காப் பின்னணியுள்ள நூலக உதவியாளர் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்று கேட்டார். அவருக்கு இலங்கை எங்கே இருக்கிறது என்பது சரியாகத் தெரியாது; கதை நன்றாகத் தெரிந்திருந்தது.

பாடசாலைகளோடு ஒப்பிட்டால் பரீட்சையின் குறை இன்னும் தெளிவாகும். இங்கிலாந்தின் இடைநிலைப் பாடசாலைகளில் 2002 முதல் குடியுரிமைக் கல்வி ஒரு பாடம். பேராசிரியர் பேர்னார்ட் கிரிக் தலைமையிலான குழு 1998 இல் கொடுத்த அறிக்கை அதற்கு அடிப்படை. சமூகப் பொறுப்பு, சமூகப் பணியில் ஈடுபாடு, அரசியல் அறிவு என்ற மூன்று தூண்களை அது முன்வைத்தது. இன அடையாளத்தையும் பன்மையையும் அது போதிய அளவு தொடவில்லை என்ற விமர்சனம் எழவே, 2007 இல் கீத் அஜெக்போவின் அறிக்கை நான்காவது தூணாக அவற்றைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. புதிதாக வருவோருக்கான பரீட்சைக்கு ஆலோசனை சொன்ன குழுவின் தலைவரும் அதே கிரிக்தான். ஒரே மனிதரின் கையால் தொடங்கிய இரண்டில், பாடசாலைப் பாடம் பிள்ளைகளை விவாதிக்கச் சொன்னது. பரீட்சையோ பதிப்புக்குப் பதிப்பு நெட்டுருவை நோக்கி நகர்ந்தது. இங்கேயே படித்த பிள்ளைகள் வகுப்பில் மனு எழுதவும் உள்ளூர்ச் சபை உறுப்பினரைக் கேள்வி கேட்கவும் பழகியவர்கள். அவர்களை உட்காரவைத்து எந்தப் பூ எந்த நாட்டின் சின்னம் என்று கேட்பது, அவர்கள் ஏற்கெனவே குடிமக்களாக நடந்துகொண்ட ஆண்டுகளைக் கணக்கில் எடுக்காத செயல்.

கடைசியாக விழா. இந்த முழுச் சேவையிலும் மனமாரப் பாராட்டக்கூடிய பகுதி அது. 2004 பெப்ரவரியில் பிரென்ட் நகரசபை மண்டபத்தில்தான் முதலாவது குடியுரிமை விழா நடந்தது. அன்று விருந்தினராக வந்திருந்த இளவரசர் சார்ல்ஸ் இன்று மன்னர், விசுவாசப் பிரமாணம் இப்போது அவர் பெயரிலேயே எடுக்கப்படுகிறது. கடவுளின் பெயரால் சத்தியம் செய்யலாம், அல்லது கடவுளைக் குறிப்பிடாமல் உறுதி கூறலாம். அதன்பின் நாட்டின் சட்டங்களையும் சனநாயக விழுமியங்களையும் மதிப்பதாக எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். நான் போயிருந்த விழாவில் கானா நாட்டுப் பாரம்பரிய உடையில் ஒரு குடும்பமும், காஞ்சிபுரச் சேலையில் ஒரு தாயும், வேலைச் சீருடையைக் கூட மாற்ற நேரமில்லாமல் வந்த ஒரு இளைஞனும் ஒரே வரிசையில் நின்றார்கள். பெயர்களை உச்சரிக்கும் அதிகாரி, ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே போய் எப்படி உச்சரிப்பது என்று கேட்டு, தன் தாளில் குறித்து வைத்திருந்தார். பெட்டிகளுக்குள் அடங்காத அந்தப் பெயர்களெல்லாம் அன்று முழுதாக ஒலித்தன. விருந்தினராக வந்திருந்த, இங்கேயே பிரசையாகப் பிறந்த ஒரு பெண், இப்படியொரு உறுதிமொழியை நான் ஒருநாளும் சொன்னதில்லையே என்று தோழியிடம் சொல்லிச் சிரித்தாள். பிறப்பால் பிரசையானவர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லைதான்.

ஐந்துக்கு இத்தனை என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், பரீட்சை நடத்தப்படும் ஒழுங்குக்கு நான்கு, புத்தகத்துக்கு இரண்டு, விழாவுக்கு நான்கு. கட்டணத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். எழுதப்போகும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். அதிகாரபூர்வக் கைநூலின் மூன்றாம் பதிப்பை மட்டும் படியுங்கள்; பெரும்பாலான பொது நூலகங்களில் இரவலாகக் கிடைக்கும், வாங்க வேண்டியதில்லை. பயிற்சிக் கேள்விகள் இணையத்தில் இலவசமாகவே ஏராளம் உள்ளன. அதற்கெனப் பணம் கட்டி வகுப்புக்குப் போவது வீண். பதிவு செய்யுமுன் உங்கள் பத்திரங்கள் எல்லாவற்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பிரித்தானியக் குடியுரிமை பெற்றதும் இலங்கைப் பிரசாவுரிமை தானாகவே போய்விடும் என்பதையும், அதை வைத்திருக்க விரும்பினால் இரட்டைப் பிரசாவுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வாக்குரிமை உள்ளவர்கள் பரீட்சைக்குப் பதியும் அதே நாளில், கையில் தேசிய காப்புறுதி இலக்கம் இருந்தால், வாக்காளராகவும் பதிந்துவிடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். கட்டணமும் இல்லை, பரீட்சையும் இல்லை.